டிசம்பர் 3 விழாக் குழுவினருக்கு: எங்கள் படத்தைப் போடுங்கள்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் தின விழாக் குழுவின் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் கிராம மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்கள் எடுத்த 20 நிமிடக் குறும்படத்தை இந்த முறை டிசம்பர் 3 விழாவில் போடுவதில்லை என்று ஆயத்தக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். கடிதம் ஒன்றும் வரவில்லை. உத்தியோகத்தர் ஒருவர் போனில் சொன்னார். ஏன் என்று கேட்டோம். நேரம் போதாது என்றார். அப்புறம், படம் சோகமாக இருக்கிறது, அன்றைக்கு எல்லாரும் சந்தோசமாக இருக்கவேண்டிய நாள் என்றார். விடாமல் கேட்டபோது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அந்தப் படிக்கட்டுக் கட்டம் இருக்கெல்லே அக்கா, பெரியாக்கள் வாற இடத்தில அதைப் போட்டால் எங்களுக்குத்தான் கரைச்சல். அதை வெட்டிப்போட்டு, கடைசியில ஒரு நல்ல பாட்டும் போட்டுத் தந்தால் திரும்ப ஒருக்கால் கதைச்சுப் பாக்கலாம்."

அந்தத் தம்பியில் எங்களுக்குக் கோபமில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், உங்களுக்கு மட்டும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததுதான். எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள் தங்கள் ஊர் விழாவை நினைத்து வாசித்துக்கொள்ளட்டும்.

படத்தைப் பார்க்காமலே கை உயர்த்தியவர்களும் குழுவில் இருப்பதாக அறிந்தேன். அவர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நாலு பேரின் கதை. முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் ஒரு படிவம் கொடுப்பதற்காக அலுவலகம் ஒன்றுக்குப் போகிறார். முன்வாசலில் படிகள். சாய்தளம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கட்டடத்தின் பின்பக்கம், அதை மறித்தபடி மோட்டார் சைக்கிள்கள். காவலாளி ஆளைக் கூப்பிட உள்ளே போகிறார், திரும்பி வரக் காணோம். இவர் சக்கர நாற்காலியிலிருந்து இறங்கி, படிக்கு முதுகைக் காட்டி இருந்து, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி ஒவ்வொரு படியாக ஏறுகிறார். கமரா அசையவில்லை. பின்னணி இசையும் கிடையாது. இதுதான் உங்களுக்குக் கரைச்சல் தருகிற கட்டம்.

இரண்டாவது, காது கேளாத தையல்காரி ஒருத்தி. மூன்றாவது, யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக பஸ்ஸில் வரும் பார்வையில்லாத இளைஞர். ஆனையிறவு உப்புக்காற்று முகத்தில் பட்டதும் அடுத்தது பரந்தன் என்று எழும்பி நிற்கிறார். கண்டக்டரோ, "ஆரும் கூட வரேல்லையோ?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாலாவது, மூளை முடக்குவாதம் உள்ள மகளை வளர்க்கும் ஒரு தாய். விரதம் பிடித்தால் பிள்ளைக்குச் சுகம் வரும் என்று புத்தி சொல்ல வந்த அயல்வீட்டு மாமியிடம் அவர் சொல்கிறார்: "நான் விரதத்தைப் பிடிக்கிறன் மாமி, நீங்கள் ஒருநாளைக்கு இவளைப் பிடியுங்கோ, குளிக்க வாக்க." இந்த இடத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் சனம் கைதட்டிச் சிரித்தது. சோகமான படம் என்கிறீர்கள்.

சரி, சோகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிற மண் இது. கண்ணகி கதையைக் கூத்தாக ஆடி விடியவிடியப் பார்த்த சனம் நாங்கள். அவள் சிலம்போடு போய் அரசனிடம் நியாயம் கேட்கும் கட்டம் சோகமாக இருக்கிறது, பெரியாக்கள் வந்திருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு ஆடுங்கள் என்று எந்த அண்ணாவியாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். முகாமிலிருந்து மீள்குடியேறிய புதிதில் மிதிவெடி அபாயத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னார்கள்? வீதி நாடகம் போட்டுத்தான். கால் போன பாத்திரம் அதில் வந்தது, அழுத தாய் வந்தாள். பிள்ளைகளுக்கு மனம் நோகும் என்று அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அதைப் பார்த்த பிள்ளை அடுத்தநாள் விறகுக்குப் போகும்போது கிடந்த இரும்பைத் தொடாமல் வந்தது. எங்கள் படமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. என்ன, இதில் எச்சரிக்கப்படுவது பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவர்கள்.

படம் ஊர்களில் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். புரொஜெக்டர் ஒரு பாடசாலை தந்தது. திரைக்கு வெள்ளைச் சீலை. ஸ்பீக்கர் பெட்டி கோயிலில் வாங்கினோம். சனசமூக நிலைய முற்றம், ஆலமரத்தடி, மீன்பிடிச் சங்கக் கட்டடத்தின் பக்கச் சுவர், இடம் எங்கே கிடைத்ததோ அங்கே போட்டோம். ஒரு ஊரில் மழை வந்து எல்லாரும் ஓடிவிட, சின்னப் பிள்ளைகள் சிலரும் ஒரு நாயும்தான் கடைசிவரை பார்த்தார்கள். இன்னொரு ஊரில் படம் முடிந்தபிறகு வெகுநேரம் ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் கோயில் தர்மகர்த்தா ஐயா எழும்பி, "எங்கட கோயிலுக்கும் இப்பிடிப் படிதானே இருக்கு, நாங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லை" என்றார். அவர் பேச்சோடு விடவில்லை. அந்த வருடத் திருவிழாவுக்கு முன்னே தெற்கு வாசலில் சீமெந்துச் சாய்தளம் வந்துவிட்டது. சீமெந்து ஒருவர், மணல் ஒருவர், மேசன் கூலி வாங்கவில்லை. திட்ட முன்மொழிவும் இல்லை, அடிக்கல் நாட்டு விழாவும் இல்லை.

வேறோர் ஊரில் படத்தைப் பார்த்த அதிபர் ஒருவர் மேல்மாடியில் நடந்த வகுப்பைக் கீழே இறக்கினார். காலில் இரும்புப் பட்டி போட்டு நடக்கும் ஒரு மாணவனை அதுவரைக்கும் கூட்டாளிகள் முதுகில் காவிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை எல்லாரும் பாராட்டினார்களே தவிர, வகுப்பை மாற்றலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. இன்னொரு வீட்டிலிருந்து ஒரு தாய், அந்த ஊரில் இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாத ஒரு மகளைப் பற்றிச் சொல்ல இரவு எங்களிடம் வந்தார். அந்தப் பெண் பிள்ளை இன்றைக்கு எங்கள் சங்கத்தில் இருக்கிறது. இவையெல்லாம் ஒரு வெள்ளைச் சீலையில் நடந்தவை. உங்கள் விழாவுக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திணைக்களத் தலைவர்கள், வங்கி முகாமையாளர்கள், அதிபர்கள், பொலிஸ் பொறுப்பதிகாரிகள் எல்லாரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். யார் பார்க்கவேண்டுமோ அவர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் ஒரே நாள் அது. அதனால்தான் அங்கே போடவேண்டும் என்கிறோம்.

இப்போது போன முறை விழாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. பொய்க்காலோடு நடப்பேன், என்பாடு பெரிய சிரமமில்லை. நான் சொல்வது என் பக்கத்தில் இருந்தவர்களின் பாடு.

எட்டரைக்கு மண்டபத்தில் இருக்கச் சொன்னீர்கள். பிரதம விருந்தினர் வந்தபோது பதினொரு மணி. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் என்றால் என்ன என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? உணர்வில்லாத இடத்தில் வலி தெரியாது. வலி தெரியாததால் உடம்பு தானாக அசைந்து கொடுக்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவேண்டும், இடையில் எங்கேயாவது சரிந்து படுக்கவேண்டும். இல்லாவிட்டால் தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறக் கிடக்கவேண்டும். கிருமி எலும்புவரை போனால் ஆள் தப்புவதே கடினம். யுத்தத்தில் தப்பிப் பிறகு படுக்கைப்புண்ணில் செத்தவர்களை வன்னியில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் சரிந்து படுக்க ஒரு மூலைகூட ஒதுக்கியிருக்கவில்லை.

மலசலகூடத்துக் கதவு சக்கர நாற்காலி நுழைய இடம்கொடாத அகலம். உள்ளே போனாலும் பிடிக்கக் கம்பி இல்லை. அதனால்தான் எங்கள் பெண்கள் உங்கள் விழாவுக்கு வருவதென்றால் முதல்நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடியாவிட்டால் சலத்தில் கிருமி தொற்றும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இரண்டில் எதைத் தெரிவது? வெயிலில் வந்து, தண்ணீர் குடிக்காமல் இருந்து, தங்கள் தினத்தைக் கொண்டாடிவிட்டுப் போனார்கள்.

மேடை. மூன்றடி உயரம் இருக்கும். சக்கர நாற்காலி ஏற 12 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் சரிவு வேண்டும், மூன்றடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம். நீங்கள் வைத்தது ஒரு பலகை. அதில் ஏறுவது நடக்காத காரியம் என்று கண்டதும் இளைஞர்கள் நாலு பேர் ஓடிவந்து, நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள், உதவத்தான் வந்தார்கள். ஆனால் தூக்கும்போது சிறுநீர் சேரக் கட்டியிருந்த சலப்பை நாற்காலிக் கம்பியில் மாட்டி இழுபட்டது. அவர் ஐம்பது வயது கடந்த மனிதர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய சாரம் விலகியது. அந்த நேரம்தான் அன்பளிப்புப் பொதியைக் கையில் கொடுத்து, கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் படம் அடுத்தநாள் பேஸ்புக்கில் வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொதியைக் குறை சொல்லவில்லை. வாங்கிய பலருக்கு அது தேவை. ஆனால் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஓட்டோவுக்குக் கொடுத்த காசு, பொதிக்குள் இருந்த அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம் எல்லாவற்றையும் சேர்த்த விலையிலும் பார்க்கக் கூடியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் எங்களுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூடியது. நல்லது. அந்தக் காசில்தான் அந்த ஓட்டோவும் வந்தது. பொதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க உங்களிடம் வாகனம் இல்லாமலில்லை. மேடைக்குக் கூப்பிட்டால்தான் படம் எடுக்கலாம், அவ்வளவுதான் விசயம்.

இனிச் சட்டம். இதில் நீண்டநேரம் நிற்கமாட்டேன், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டியவை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகல்வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று வருடத் தவணை கொடுத்தார்கள். 2009 இல், தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்கோடு போனார். 2011 ஏப்ரல் 27 இல் நீதிமன்றம், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் வாசலும் மலசலகூடமும் எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. மற்ற மாகாணங்களில் பழைய கட்டடம் என்று சாக்குச் சொல்லலாம். வன்னியில் அதற்கும் வழியில்லை. 2009 இல் நாங்கள் திரும்பி வந்தபோது எந்தக் கட்டடம் நின்றது? கிளிநொச்சியில் தண்ணீர்த் தாங்கியே சரிந்து கிடந்தது. இன்று நீங்கள் இருக்கும் அலுவலகங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை, அதாவது ஒழுங்குவிதி வந்தபிறகு, பலது தீர்ப்பும் வந்தபிறகு. நாட்டிலேயே ஆகப் புதிய கட்டடங்கள், நாட்டிலேயே யுத்தத்தில் ஆகக்கூட அடிபட்ட சனம், அப்படியிருந்தும் படி.

2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அதில் 8 ஆம் உறுப்புரை எங்களைப் பற்றிய பிழையான எண்ணங்களைப் போக்க அரசு வேலைசெய்யவேண்டும் என்கிறது. 30 ஆம் உறுப்புரை படம், நாடகம், கலை எல்லாம் எங்களுக்கும் எட்டும் வடிவில் கிடைக்கவேண்டும், எங்கள் கலைத்திறனுக்கும் இடம் வேண்டும் என்கிறது. எங்கள் குறும்படம் இரண்டு உறுப்புரைக்கும் பொருந்தும். உங்களுக்குச் செலவே இல்லாமல் நாங்கள் செய்து தந்திருக்கிறோம்.

எட்டும் வடிவம் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் இதில் நாங்கள் கற்றது உங்கள் விழாவுக்கும் உதவும்.

படத்துக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடவிட்டால் காது கேளாதவர்களுக்குப் போதும் என்று பட்டணத்தில் இருந்து உதவ வந்த நண்பர்கள் சொன்னார்கள். எங்கள் தையல்காரத் தங்கச்சி சைகையில் மறுத்தாள். எழுத்து அவளுக்குப் பாதிதான் பிடிபடும். அவள் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் சேர்ந்து கொஞ்சக் காலம் படித்தவள். 2006 ஆகஸ்ட் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். அந்த மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. முகமாலைக்கு அங்கால் பாடசாலை, இங்கால் பிள்ளை. அப்புறம் இடம்பெயர்வு, முகாம், தையல் மிசின். அவள் வயதில் காது கேளாத பலருக்கு வன்னியில் இதே கதை. எழுத்து மட்டும் போட்டால் அவர்களுக்குப் படம் ஊமைதான். அதனால் திரையின் மூலையில் சைகை மொழியில் சொல்லும் ஒருவரையும் சேர்த்தோம். அவரும் காது கேளாதவர், எங்கள் சங்கத்து இளைஞர்.

பார்வையில்லாதவர்களுக்காகத் திரையில் நடப்பதைக் குரலில் விவரிக்கும் ஒலித்தடம் ஒன்றையும் செய்தோம். அதைப் பேசியது படத்தில் பஸ்ஸில் வரும் அந்தத் தம்பிதான். எங்கே பேசவேண்டும், எங்கே பேசக்கூடாது என்று அவரே முடிவெடுத்தார். படிக்கட்டுக் கட்டத்துக்கு நான் நாலைந்து வரி எழுதிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "அக்கா, இது ஒண்டும் வேண்டாம். கை படியில படுற சத்தம் கேக்குதுதானே. சும்மா விடுங்கோ" என்றார். விட்டோம். படத்தில் ஆகச் சிறந்த இடம் அதுதான் என்பது என் எண்ணம். அதைத்தான் வெட்டச் சொல்கிறீர்கள்.

இந்தியாவில் 2024 மார்ச்சில் திரையரங்கில் போடும் படங்களுக்கு இந்த மாதிரி வசதிகள் வேண்டும் என்று அரசே வழிகாட்டல் வெளியிட்டது. அதே வருடம் ஜூலையில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், படங்களில் எங்களைப் போன்றவர்களைக் கேலிப் பொருளாகக் காட்டுவது பற்றிய வழக்கொன்றில் விரிவான நெறிமுறைகளைச் சொன்னது. எங்களைச் சேர்த்துக்கொண்டு, எங்களைக் கேட்டு எடுக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. நாங்கள் இங்கே பார்ப்பதும் அங்கிருந்து வரும் படங்களைத்தான். திக்கிப் பேசுகிறவர் வந்தால் சிரிக்கவேண்டும், கால் இல்லாதவர் வந்தால் ஒன்றில் வில்லன், இல்லாவிட்டால் கடைசியில் சாகும் நல்லவர். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எங்களைத் தெருவில் கண்டால் என்ன செய்யும்? எங்கள் பங்குக்கு 20 நிமிடம் வேறு மாதிரிக் காட்டினோம். அந்த 20 நிமிடத்துக்குத்தான் உங்களிடம் நேரமில்லை. போன முறை வரவேற்புரையும் தலைமையுரையும் வாழ்த்துரைகளும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனதை அங்கே இருந்த எல்லாரும் அறிவர்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை உண்டு, 16 இலட்சம் பேர். விழாக் குழுவில் எத்தனை பேர்? ஒருவர். அவரையும் கூட்டம் முடிந்தபிறகுதான் கூப்பிட்டு முடிவைச் சொன்னீர்கள். கூட்டம் நடந்தது மேல்மாடியில்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

படத்தை முழுதாக, ஒரு வெட்டும் இல்லாமல், சைகை மொழியோடும் விவரிப்புக் குரலோடும் இந்த டிசம்பர் 3 விழாவில் போடவேண்டும். பிரதம விருந்தினர் இருக்கும்போது, உரைகளுக்கு முன்னால். முடிந்தபிறகு பத்து நிமிடம் சபையில் இருப்பவர்கள் பேச விடுங்கள். நேரம் வேண்டுமானால் உரைகளில் இருந்து எடுங்கள்.

விழாவைக் கீழ்த்தளத்தில், எங்கள் ஆட்கள் முன்கூட்டியே வந்து சில்லை உருட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன இடத்தில் வையுங்கள். அப்படி மண்டபம் இல்லையென்றால் பாடசாலை மைதானத்தில் பந்தல் போடுங்கள், பாவிக்கக்கூடிய மலசலகூடம் ஒன்றைப் பக்கத்தில் அமையுங்கள். மேடைக்குச் சரியான சாய்தளம் போட முடியாவிட்டால் மேடையே வேண்டாம், விருந்தினர் கீழே எங்களோடு இருக்கட்டும். சரிந்து படுக்க நாலு கட்டிலும் ஒரு மறைப்பும் வேண்டும். சைகை மொழி உரைபெயர்ப்பாளர் ஒருவர் தொடக்கத்திலிருந்து முடியும்வரை எல்லாரும் காணக்கூடிய இடத்தில் நிற்கவேண்டும். அழைப்பிதழில் எத்தனை மணி என்று அடிக்கிறீர்களோ அத்தனை மணிக்குத் தொடங்குங்கள். விருந்தினர் வராவிட்டாலும்.

பொதிகளை வீடுகளுக்கு அனுப்புங்கள், அல்லது அந்தக் காசைப் போக்குவரத்துக்குக் கொடுங்கள். எவரையும் அவரது சம்மதம் இல்லாமல் தூக்கவோ படம் எடுக்கவோ கூடாது. போன வருடம் பேஸ்புக்கில் போட்ட படங்களை இந்தக் கிழமையே நீக்கிவிடுங்கள். இதற்குக் கூட்டம் தேவையில்லை, ஒரு போன் போதும்.

குழுவில் பாதிப்பேராவது எங்களில் இருந்து இருக்கவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மட்டும் போதாது. காது கேளாதவர், பார்வையில்லாதவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர், பெண்கள், எல்லாரும் வேண்டும். கூட்டத்தைக் கீழ்மாடியில் வையுங்கள்.

அந்தப் படிக்கட்டு. அதற்கு முன்னால், முன்வாசலிலேயே, சாய்தளம் கட்டும் வேலையை டிசம்பருக்குள் தொடங்குங்கள். தொடங்கினால் படத்தின் கடைசியில் அதையும் எடுத்துச் சேர்க்க எங்கள் பிள்ளைகள் தயார். அதுவரை பின்பக்கச் சாய்தளத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் விடுவதை நாளைக்கே நிறுத்தலாம்.

விழாவில் போட முடியாது என்பதுதான் உங்கள் இறுதி முடிவு என்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள். அன்றைக்கு மண்டபத்து மதிலுக்கு வெளியே வெள்ளைச் சீலையைக் கட்டிப் படத்தைப் போடுவோம். பொலிஸ் அனுமதிக்கான கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.

பதிலை ஒக்டோபர் முடியமுன் எங்கள் சங்கச் செயலாளரின் இலக்கத்துக்கு அனுப்புங்கள், உங்களிடம் இருக்கிறது. படத்தில் பஸ்ஸில் வருகிறாரே, அவர்தான் செயலாளர். தட்டச்சுச் செய்த எழுத்தாகவே அனுப்புங்கள், அல்லது குரல்பதிவாக. கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஸ்கான் எடுத்துப் படமாக அனுப்பினால் அவருடைய போன் அதை வாசிக்காது.

இப்படிக்கு,
சங்கத்து உறுப்பினர்கள் சார்பில், படத்தில் வேலை செய்த ஒருத்தி